வாடகைக்கு ஒரு அலோசியஸ்

கணேசமூர்த்தி எதையும் லேசில் நம்புகிறவர் இல்லை. ரேடியோவில் மழை என்றால் துணியைக் காயப் போடுவார். வெயில் என்றால் குடையை எடுத்துக்கொண்டு புறப்படுவார். ஒரு தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, விரலில் பூசிய மை மெய்யாகவே அழியாத மைதானா என்று குளிக்கிற பீலிக்கரையில் உட்கார்ந்து சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்தார். அழிந்துவிட்டது. அன்றைக்கு அவருக்கு வந்த சந்தோஷம் ஜெயித்தவனுக்குக்கூட வந்திருக்காது.

இந்தக் குணத்தை அவருக்குத் தோட்டம் கொடுத்தது. ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை. வெளிநாட்டுக்காரன் தேயிலை வாங்க வேண்டுமானால், தொழிலாளியை நன்றாக வைத்திருக்கிறோம் என்று தோட்டத்துக்கு ஒரு சான்றிதழ் வேண்டும். அதற்காக வருஷம் ஒரு தரம் ஆட்கள் பார்வையிட வருவார்கள். அவர்கள் வருகிற காலையில் ஸ்டோரிலிருந்து முகமூடி, கையுறை, பூட்ஸ் எல்லாம் வந்து இறங்கும். சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவுக்குத் துரை பங்களாவிலிருந்து மரக்குதிரை வரும். பிள்ளை குறைந்தால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பிள்ளையும் வரும். வந்தவர்கள் யாராவது ஒரு தொழிலாளியோடு பேச வேண்டும் என்று கேட்டால், வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா கண்ணை மூடிக்கொண்டு கணேசமூர்த்தியைத்தான் கூப்பிடுவார். உள்ளே என்ன ஓடுகிறது என்று வெளியே தெரியாத முகம் அவருக்கு. "குறை ஒன்னும் இல்லைங்க" என்று அவர் சொன்னால் குறையே வெட்கப்பட்டு ஓடிவிடும். சாயங்காலம் முகமூடியும் மரக்குதிரையும் வந்த வழியே போய்விடும்.

இப்படி வேலையிலிருந்து நிற்கும் வரைக்கும் காட்டுப்பொருளாக இருந்தவருக்கு, பார்க்க வருகிறவன் மேலும் நம்பிக்கை இல்லை, காட்டுகிறவன் மேலும் நம்பிக்கை இல்லை.

அவருக்கு ஒரே மகள், தனுஜா. கெம்பஸ் முடித்துவிட்டு ஒரு வருஷமாக வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் கொழும்பில் ஒரு வென்ச்சர் கேப்பிட்டல் கம்பெனியில் இன்டர்வியூ கிடைத்து, சுற்றுச் சுற்றாகத் தாண்டிக் கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டாள். ஒட்டி ஒட்டி வரிசையாக வீடுகள் இருக்கிற லயம் முழுக்க அதைப் பற்றியே பேசியது. அது என்ன கம்பெனி என்றுதான் ஒருவருக்கும் விளங்கவில்லை.

"என்னா பண்ற கம்பெனி அது?" என்று கணேசமூர்த்தி கேட்டார்.

"பணக்காரங்ககிட்ட காசு சேத்து, புதுசா தொடங்குற கம்பெனிகள்ல போடுவாங்கப்பா. அது பெருசானா பங்கு."

"பெருசாகலேன்னா?"

"போனது போனதுதான்."

"அப்ப சீட்டுப் பிடிக்கிறது."

"சீட்டுப் பிடிக்கிறவன் ஓடிருவான். இவங்க ஓட மாட்டாங்க, உக்காந்து ரிப்போட் எழுதுவாங்க."

"ஒனக்கு அதுல என்னா வேல?"

"கம்பெனிக்கு நேர்ல போயி பாத்து, காசு போடலாமா வேணாமான்னு சொல்லணும். யாவாரம் மட்டும் இல்லப்பா, ஆளுகளையும் பாக்கணும். ஆம்பள பொம்பள, எல்லா இனம், எல்லா மதம், வயசானவங்க, எல்லாரும் இருக்காங்களான்னு. டைவர்சிட்டின்னு சொல்வாங்க."

"எதுக்கு?"

"ஒரே மாதிரி ஆளுகளா இருந்தா ஒரே மாதிரி தான் யோசிப்பாங்க. பெரிய தப்பு நடந்தாலும் ஒருத்தருக்கும் தெரியாதுன்னு ஒரு எண்ணம்."

எண்ணம் நல்ல எண்ணம்தான் என்று கணேசமூர்த்திக்கும் பட்டது. நல்ல எண்ணத்தைப் பார்வையிட ஆள் வருவான் என்றால், அதைக் காட்டுவதற்கும் ஆள் பிடிப்பான் என்பதும் கூடவே பட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "இந்த வேல எவனுக்குன்னு எப்பவோ முடிவாகியிருக்கும். ஒன்னைய கணக்குக்குக் கூப்பிட்டிருப்பான்" என்று சொல்லிவிட்டார். தனுஜா பையை எடுத்துக்கொண்டு கொழும்பு பஸ் ஏறிவிட்டாள். கடைசிச் சுற்றுக்கு வேனில் ஒரு கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போவார்களாம். எந்தக் கம்பெனி என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்களாம். அதை அம்மாவிடம் மட்டும்தான் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் மத்தியானம் லயத்து வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கிஷாந்த். ஹட்டன் டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவரின் மகன். கடைக்கு மேல்மாடியில் 'கொழுந்துக்கூடை' என்று ஒரு கம்பெனி நடத்துகிறான். வலப்பனை, உடப்புசல்லாவைப் பக்கம் வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் தேயிலை வைத்திருக்கிறவர்கள் பறித்த கொழுந்தை, போனைத் தட்டினால் லொறி வந்து ஏற்றிக்கொண்டு போய் ஃபெக்டரியில் கொடுக்கும். தரகு வேலைதான். ஆனால் தரகு என்று சொல்லக்கூடாது, பிளாட்போம் என்று சொல்ல வேண்டும்.

"மாமா, ஒரு ஒதவி" என்றான் கிஷாந்த். "நாளன்னைக்குக் கொழும்புல இருந்து எங்க கம்பெனியப் பாக்க வாராங்க. புடிச்சுதுன்னா பெரிய காசு போடுவாங்க. ஆனா எல்லா வகையான ஆளும் வேல செய்யணுமாம்."

"ஒன்கிட்ட எத்தன வகை இருக்கு?"

கிஷாந்த் தலையைச் சொறிந்தான். அவனுடைய ஆட்கள் எல்லாரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு, ஒரே கிரிக்கெட் டீம். அவன் கேப்டனாக இருந்தான், இப்போது முதலாளி. விக்கெட் கீப்பராக இருந்த மச்சான் ஜெயகாந்தன்தான் லொறி விவகாரம் பார்க்கிறான்.

"வெளியில ஒரே ஆளு லொறி ட்ரைவர் அலோசியஸ். கத்தோலிக்கர், வயசானவர், ரெண்டுக்கும் ஆவாருன்னு பேரையும் கொழும்புக்கு அனுப்பிட்டேன். நேத்து பட்டிப்பொலையில மக வீட்டுக்குப் போனவரு, இனி வேலைக்கே வரமாட்டேன்னுட்டாரு. ஒரு நாளைக்கு நீங்க அலோசியஸா வந்து உக்காரணும் மாமா. தோட்டத்துல இன்ஸ்பெக்ஷன்னா ஒங்களத்தான் காட்டுவாங்கன்னு எங்கப்பா சொன்னாரு."

"நான் முருகனக் கும்புடுறவன்டா தம்பி."

"கழுத்துல சிலுவ போட்டா சாமி கோவிக்காதா?" என்று அடுப்படியிலிருந்து மனைவி நாகலெட்சுமி கேட்டாள்.

"முருகனுக்குத் தெரியும் அத்தை, இது இன்வெஸ்ட்மென்ட்னு."

கணேசமூர்த்தி எழுந்து போகப் பார்த்தார். அப்போதுதான் கிஷாந்த் அதைச் சொன்னான்.

"காசு வந்தா புதுசா ஆள் எடுக்கணும் மாமா. மொத வேல ஒங்க மக தனுஜாவுக்கு. சத்தியமா."

கணேசமூர்த்தி திரும்ப உட்கார்ந்தார். கிஷாந்த் சொல்வதை நம்பிவிட்டார் என்று இல்லை. கொழும்புக்காரன் சொல்கிற பொய் தூரத்தில் இருக்கிறது. ஹட்டன்காரன் பொய் சொன்னால் பஸ் ஏறிப் போய்ச் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். அவருக்கு அந்த வித்தியாசம் போதும். எப்படியும் கொழும்பு வேலை மகளுக்குக் கிடைக்கப் போவதில்லை. இதையாவது பிடித்து வைப்போம்.

கிஷாந்த் போன பிறகு நாகலெட்சுமி மெதுவாகக் கேட்டாள். "என்னாங்க, இது நம்ம புள்ள போற கம்பெனியா இருந்துரப் போகுது."

"கொழும்பு என்னா நம்ம லயமா, ஒரு வீட்டுல தும்முனா எல்லா வீட்டுக்கும் கேக்க? அந்த மாதிரி கம்பெனி அங்க தெருவுக்குத் தெரு இருக்கும்."

எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற மனுஷன், சந்தேகப்பட வேண்டிய அந்த ஒரு இடத்தில் சும்மா இருந்துவிட்டார்.

கொழும்பு ஆட்கள் வருகிற நாள் காலையில் மேல்மாடியில் கிஷாந்த் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டான். தோட்டத்தில் விடியற்காலை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டு மாதிரியே இருந்தது. எல்லாருக்கும் பச்சை டீ-சர்ட், கழுத்தில் மாட்ட ஒரு பேர் அட்டை. மெய்யாக வேலை செய்கிற பையன்களில் முக்கால்வாசிப் பேருக்கு அன்றைக்கு லீவு. அவர்கள் இருந்தால் ஆம்பளைக் கணக்கு ஏறிவிடும் என்று கிரவுண்டுக்கு அனுப்பிவிட்டான். கம்பெனியில் எல்லா வகை ஆளும் இருப்பதற்காகக் கம்பெனி ஆட்களே வெளியே போக வேண்டியிருந்தது.

முஸ்லிம் கணக்குக்கு வந்த பக்கத்து போன் கடை ரிஸ்மி நானா தொழில்நுட்ப ஆலோசகர். கீழே கஸ்டமர் வந்து விசில் அடித்தால் இறங்கிப் போய்விட்டு வருவார். மூலையில், கணேசமூர்த்தியின் தோட்டத்திலேயே கொழுந்து பறிக்கிற அழகம்மா, சேலைக்கு மேல் டீ-சர்ட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"என்னாண்ணே, நெத்தியக் காலியா வச்சிக்கிட்டு சிலுவையோட நிக்கிறீங்க?"

கிஷாந்த் ஈரத்துணியால் திருநீற்றைத் துடைத்திருந்தான். அந்த இடம் இன்னும் குளிர்ந்துகொண்டிருந்தது.

"நான் இன்னைக்கு அலோசியஸ். நீ யாரு?"

"நான் அழகம்மா தான். பொம்பளைக்குப் பேர் மாத்தத் தேவ இல்லையாம். பொம்பளையா இருந்தா போதுமாம்."

"என்னா வேல குடுத்திருக்கான்?"

"பேரு நீளமா சொன்னாரு, மறந்துபோச்சு. செய்யிற வேல சிரிக்கிறது."

வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் திலினி மேடம். காசு போடுகிற கம்பெனியில் பெரியவர், சிங்கள அம்மா, நல்ல மரியாதையான ஆள். அடுத்து, கினிகத்தேனை வளைவுகளில் வாந்தி எடுத்து வெளுத்துப்போன ஒரு பையன். அடுத்து நிதுஷன் என்று கொழும்புத் தமிழ்ப் பையன், சப்பாத்து பளபளக்க. கடைசியாக இறங்கியது தனுஜா.

படி ஏறி வந்தவள் அப்பாவைப் பார்த்தாள். டீ-சர்ட்டைப் பார்த்தாள். சிலுவையைப் பார்த்தாள். பேர் அட்டையை வாசித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த முகம் அவர் கொடுத்த முகம்.

"அண்ணே, நம்ம தனு" என்று அழகம்மா இடித்தாள்.

"வாய மூடு."

"மூடிட்டா சிரிக்க ஏலாதே. அது தானே என் வேல."

கிஷாந்துக்கு ஒன்றும் தெரியாது. அவன் தனுஜாவை நேரில் பார்த்ததே இல்லை. வேலைக்கு வந்திருக்கிற மூன்று பேரும் ஆட்களோடு பேசி, கடைசியில் எல்லாருக்கும் முன்னால் தங்கள் முடிவைச் சொல்ல வேண்டும் என்றார் மேடம். அதை வைத்து மூன்று பேரில் ஒருவருக்கு வேலை.

கணேசமூர்த்திக்கு அப்போதுதான் விளங்கியது. மகளுக்கு வேலை வாங்கிக் கொடுக்க வந்த இடத்தில், மகளின் வேலைக்கு நடுவில் சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நிதுஷன்தான் முதலில் அவரிடம் வந்தான். மேடம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அங்கிள், ஒரு கிறிஸ்தவரா இந்த இடத்தில நீங்க எப்பிடி உணர்றீங்க?"

"குறை ஒன்னும் இல்லைங்க."

"உங்கட அடையாளத்துக்கு மரியாதை கிடைக்குதா?"

"கிடைக்குதுங்க. அதையும் இவங்க தான் குடுத்தாங்க."

"கிறிஸ்மஸுக்கு வீட்டில என்ன செய்வீங்க?"

கணேசமூர்த்தி யோசித்தார். "பொங்கல் வப்போம்."

கிஷாந்துக்கு இருமல் வந்துவிட்டது. நிதுஷன் அதை மேடத்துக்கு இங்கிலீஷில் சொன்னான். மேடம் நெஞ்சில் கை வைத்து, கலாசாரங்கள் எவ்வளவு அழகாகக் கலந்திருக்கின்றன என்று மகிழ்ந்து எழுதிக்கொண்டார்.

"பிள்ளைகள் இருக்கா அங்கிள்?"

"ஒரு மக. இன்டர்வியூக்குப் போயிருக்கு."

"எப்பிடிச் செய்தாவாம்?"

"இன்னும் முடியலைங்க."

தனுஜா அவர் பக்கமே வரவில்லை. மிச்சம் இருந்த மெய்யான ஆள் ஜெயகாந்தனைப் பிடித்து வைத்துக்கொண்டு, லொறி எத்தனை மணிக்குப் புறப்படுகிறது, கொழுந்து கொடுக்கிறவர்கள் ஏன் விட்டுப் போகிறார்கள் என்று குடைந்துகொண்டிருந்தாள். கடைசியில் மேடமே, அலோசியஸோடு பேசவில்லையே என்றார். தனுஜா நாற்காலியை இழுத்துப்போட்டு அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"வணக்கங்க ஐயா."

ஐயா என்றதும் அவருக்கு என்னவோ செய்தது. "வணக்கம்மா."

"வீட்டுல சொல்லிட்டு வந்தீங்களா?"

"சம்சாரத்துக்குத் தெரியும்."

"மகளுக்கு?"

"மக எங்க போறேன்னு என்கிட்ட சொல்லிட்டுப் போகல. நானும் சொல்லல."

"சொல்லியிருந்தா?"

"ரெண்டு பேர்ல ஒருத்தர் வந்திருக்க மாட்டோம்."

மேடம் ஆவலாக, என்ன சொல்கிறார் என்று கேட்டார். "குடும்பத்துக்குள்ள தொடர்பாடல் கொறைவுன்னு சொல்றாரு" என்று தனுஜா சிங்களத்தில் சொன்னாள். மேடம் அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைத்தார்கள். நிதுஷன் எழுந்து, இவ்வளவு சின்ன ஊரில் இவ்வளவு பல்வகைமையா, பெண் தலைமை, மூத்தோர் மரியாதை, மத நல்லிணக்கம் என்று அடுக்கி முழு மார்க் போட்டான். வாந்தி எடுத்த பையன் தானும் அதையே நினைப்பதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அவனுக்குத் திரும்பிப் போகிற ரோட்டைப் பற்றித்தான் கவலை.

தனுஜா எழுந்தாள். யாவாரம் நல்ல யாவாரம், காசு போடலாம், லொறி போகிற நேரத்தில் மட்டும் ஒரு கோளாறு இருக்கிறது, அதைத் திருத்தினால் இன்னும் பெருகும் என்றாள். பிறகு நிறுத்தினாள்.

"ஆளுகளுக்கு நான் மார்க் போட ஏலாது, மேடம். இங்க இருக்க ஒருத்தர் எனக்கு சொந்தம்."

மேடம் நிமிர்ந்தார். "யார்?"

தனுஜா கையில் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பாவைப் பார்க்கவில்லை.

கணேசமூர்த்திக்கு முதலில் கோபம்தான் வந்தது. பேசாமல் நிதுஷன் சொன்னதையே சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. பேனா பிடித்தவர்கள் எல்லாரும் அப்படித்தானே செய்தார்கள், இவ்வளவு காலமும். மகளும் அதையே செய்துவிடுவாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அவர் நினைத்தது தவறாகப் போனது அவருக்குப் பழக்கமில்லாத ஒன்று. இப்போது அவள் கையை நீட்டி இவர்தான் என்று காட்டினால் அப்பனுக்கு மானம் போகும். காட்டாவிட்டால் வேலை போகும். காட்டாமல் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

கணேசமூர்த்தி எழுந்தார். யாரும் மொழிபெயர்க்க வேண்டாம் என்று நேரே மேடத்திடம் சிங்களத்தில் பேசினார். "நான் தான் நோனா. இது என் மக. நான் அலோசியஸ் இல்ல, கணேசமூர்த்தி. சிலுவ இந்தத் தம்பியோடது. இந்தம்மாவோட பதவியும் அவரு குடுத்தது. போன் கடைக்காரரு பக்கத்துக் கடை. மெய்யா வேல செய்யிற பயலுக எல்லாம் கிரவுண்டுல பந்து அடிக்கிறாங்க. நல்ல பயலுக தான், ஆனா ஒரே அச்சு."

"என்னைய இழுக்காதீங்கண்ணே" என்று அழகம்மா அவசரமாகத் தமிழில் சொன்னாள். "நான் பொம்பள. அது பொய் இல்ல."

கீழே யாரோ விசில் அடித்தார்கள். ரிஸ்மி நானா இதுதான் சமயம் என்று இறங்கிப் போனவர் திரும்பி வரவில்லை.

மேடம் கோபப்படவில்லை. திட்டியிருந்தால்கூடக் கணேசமூர்த்திக்கு ஆறுதலாக இருந்திருக்கும். உங்கள் நேர்மைக்கு மிகவும் நன்றி, இது எங்கள் எல்லாருக்கும் பெரிய படிப்பினை என்றார். எல்லாரையும் படிக்கட்டில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார். அலோசியஸ் அட்டையோடு கணேசமூர்த்தி நடுவில் நிற்க வேண்டும் என்று கேட்டு நிற்க வைத்தார். வேனில் ஏறும்போது தனுஜா அப்பாவின் காதருகே, "வீட்டுக்குப் போயி சாப்பிடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

வேலை நிதுஷனுக்குக் கிடைத்தது. தனுஜாவுக்குப் போனில் ஒரு செய்தி வந்தது. உங்கள் நேர்மை எங்களைக் கவர்ந்தது, தொடர்பில் இருப்போம்.

"நேர்மைக்கு நன்றின்னா வேல இல்லேன்னு அர்த்தம்" என்றார் கணேசமூர்த்தி.

"தெரியுதுல்ல. அப்ப நீங்க எதுக்கு எந்திரிச்சீங்க? நான் தான் பேர் சொல்லலையே."

"நீ எதுக்கு வாயத் தொறந்த? அந்தப் பயல மாதிரி மார்க்கப் போட்டுட்டு வந்திருக்கலாம்ல?"

"நீங்க அலோசியஸா உக்காந்திருக்கும்போது நான் எப்பிடிப்பா மார்க் போடுவேன்?"

"ஒனக்கு ஒரு வேல கெடைக்கும்னு தான் உக்காந்தேன்."

"உள்ளதச் சொன்னா வேல கெடைக்கும்னு தான் நானும் நின்னேன்."

"ரெண்டும் ஒரே வாயி" என்றாள் நாகலெட்சுமி. "ஒன்னு மூடியிருந்தாலும் சோறு ஆறாம இருந்திருக்கும்."

அப்பாவும் மகளும் சில நாள் பேசிக்கொள்ளவில்லை. கணேசமூர்த்தி மலைப்பாதையில் தனியாகப் போய் உட்கார்ந்து, கொழும்பு வேலை அவளுக்குக் கிடைக்காது என்று தான் சொன்னது சரியாகிப்போனதை நினைத்துப் பார்த்தார். சரியாகிப்போனதில் ஒரு சந்தோஷமும் இல்லை. கிடைக்காமல் செய்த ஆள் அவரேதான்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அவரால் ஜீரணிக்க முடியவில்லை. கொழும்புக் கம்பெனி கிஷாந்துக்குக் காசு போட்டது. நிதுஷன் வேலையில் சேர்ந்து எழுதிய முதல் ரிப்போட்டில், ஆட்களை வாடகைக்குப் பிடிக்கிற அளவுக்கு இந்தக் கம்பெனிக்குப் பல்வகைமை மேல் அக்கறை இருக்கிறது, மற்றக் கம்பெனிகள் அதுகூடச் செய்வதில்லை என்று இருந்ததாம். ஒரே ஒரு நிபந்தனை. பல்வகைமைக்கென்று ஒரு அதிகாரியை உடனே நியமிக்க வேண்டும்.

கிஷாந்தின் மோட்டார் சைக்கிள் மறுபடியும் லயத்து வாசலில் நின்றது. கையில் ஒரு கேக் பெட்டி.

"நீ எதுக்குடா வந்த?" என்றார் கணேசமூர்த்தி.

"சத்தியம் பண்ணேன்ல மாமா." கிஷாந்த் தனுஜா பக்கம் திரும்பினான். "தங்கச்சி, டைவர்சிட்டி ஒஃபீசர். ஒங்களுக்குத் தனி மேச. படம் எடுக்கும்போது முன்னால நிக்கலாம்."

தனுஜா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கிஷாந்தையும் உட்காரச் சொன்னாள்.

"வேல என்னா?"

"வந்து... இருக்கிறது தான்."

"நான் வந்தா ஒங்க கம்பெனியில எத்தன பொம்பளைங்க?"

"நீங்க தான்."

"தோட்டத்து ஆளுக?"

"அதுவும் நீங்க தான். ஒரே ஆளு ரெண்டு எடத்துல வாறீங்க. அதுல தான் நமக்கு லாபம்."

அவன் கபடமில்லாமல் சொன்னான். கணேசமூர்த்தி கேக் பெட்டியைத் திறந்து, கேக் மெய்யாகவே உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடினார்.

"லொறி எங்க போகணும், எத்தன மணிக்குப் போகணும்னு முடிவு பண்றது யாரு?" என்று தனுஜா கேட்டாள்.

"ஜெயகாந்தன். மச்சான்."

"வலப்பனைப் பக்கத்து ஆளுக ஏன் விட்டுப் போறாங்கன்னு அன்னைக்கு அவர்கிட்ட கேட்டேன். மழைன்னாரு."

"மழை தானே?"

"லொறி மத்தியானத்துக்கு மேல போகுது. காலையில பறிச்ச கொழுந்து சாக்குக்குள்ள வெந்துபோகுது. ஃபெக்டரியில கழிச்சிர்றாங்க. ஒங்க ஆளுக பத்து மணிக்கு முன்னாடி எந்திரிக்கிறதில்ல, அது ஒருத்தருக்கும் தப்பாத் தெரியல. அந்த வேலைய எனக்குக் குடுங்க, வாறேன்."

கிஷாந்த் திகைத்தான். "அப்ப மச்சான்?"

"அவர டைவர்சிட்டி ஒஃபீசரா போடுங்க. தனி மேச. படம் எடுக்கும்போது முன்னால நிக்கலாம்."

"அவன் எங்க ஆளுல்ல? எங்க ஸ்கூல், எங்க டீம்..."

"எல்லா எடத்துலயும் அந்த வேலைக்குப் பொம்பளைய இல்லேன்னா சிறுபான்மை ஆளத் தான் போடுறாங்க. ஒரு ஆம்பளைய, அதுவும் முதலாளி மச்சானப் போட்ட மொத கம்பெனி ஒங்களது தான். திலினி மேடம் நெஞ்சுல கை வச்சிக்குவாங்க."

கிஷாந்த் நெடுநேரம் யோசித்தான். யோசிக்க யோசிக்க அவன் முகம் தெளிந்துகொண்டே வந்தது. "மச்சானுக்கும் அது தான் ஒத்து வரும்" என்றான் கடைசியில். "அவனுக்குக் காலையில எந்திரிக்கத் தேவையில்ல."

"இன்னொன்னு. இனிமே ஆள் எடுக்கிறதுன்னா கிரவுண்டுல தேடக் கூடாது. அலோசியஸ மறுபடி கூப்பிடுங்க. மெய்யான அலோசியஸ."

"சரி தங்கச்சி."

"தம்பி, இது வாயால சொன்னா பத்தாது" என்றார் கணேசமூர்த்தி.

"எழுதியே தாறேன் மாமா."

"எழுதுனாலும் பத்தாது."

திங்கட்கிழமை காலை தனுஜா முதல் பஸ்ஸில் போனாள். கணேசமூர்த்தி அடுத்த பஸ்ஸில் போனார். ஹட்டனில் கடைக்கு எதிர்ப்பக்கம் இருந்த பேக்கரியில் ஒரு மாலு பணிஸும் தேத்தண்ணியும் வாங்கிக்கொண்டு, மேல்மாடி கண்ணாடி ஜன்னல் தெரிகிற மாதிரி உட்கார்ந்தார். பணிஸுக்குள் மீன் இருக்கிறதா என்று பிய்த்துப் பார்த்தார். கொஞ்சம் இருந்தது.

ஜன்னலில் தனுஜா தெரிந்தாள். போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரோ லொறிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தாள். கை வேகமாக ஆடியது. படிக்கட்டில் ஜெயகாந்தன் கோட்டுப் போட்டுக்கொண்டு சிரித்தபடி நிற்க, ஒருத்தன் படம் எடுத்துக்கொண்டிருந்தான். சிரிப்பு சரியாக வரவில்லை என்று திரும்பத் திரும்ப எடுத்தார்கள். இப்படி நிற்பதும் லேசான வேலை இல்லை என்று கணேசமூர்த்திக்குத் தெரியும்.

மத்தியானம் வரைக்கும் பார்த்தார். மகள் ஜன்னலை விட்டு நகர்ந்தாள், வந்தாள், மறுபடி போனில் கத்தினாள். பேக்கரிக்காரன் யாருக்குக் காத்திருக்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டான். யாருக்கும் இல்லை, சும்மா என்றார். எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிற மாதிரி இருந்தது. ஆனாலும் திங்கட்கிழமைதானே; முதல் நாள் என்பதற்காகக் காட்டினாலும் காட்டுவார்கள் என்று எண்ணிக்கொண்டே பஸ் ஏறினார்.

செவ்வாய்க்கிழமையும் போனார்.